நரியின் பெயரைச் சொன்ன குற்றம்

ஓலோட் பக்கத்துப் பண்ணை,
நவம்பர் 9

அன்புள்ள ரெமேய்க்கு,

உன் கணவன் பால்திரி எழுதிக்கொண்டது. இங்கு நானும் கழுதையும் நலம். ஜிரோனாவில் நீயும் உன் அக்காவும் அவளுடைய முழங்காலும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போய்ப் பத்தொன்பது நாளாகிறது. உன் அம்மா காலத்திலிருந்தே இந்த வீட்டில் யாரும் நரியின் பெயரைச் சொல்வதில்லை, சொன்னால் வந்துவிடும், "அந்தம்மா" என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அன்று பக்கத்துப் பண்ணை எர்மெங்கோல் சாப்பிட வந்திருந்தபோது, உள்ளே போன ஒயின் கொடுத்த தைரியத்தில் முற்றத்தில் நின்று, நரியை அதன் பெயர் சொல்லியே, "கினேவ்! ஏய் கினேவ்! வாடி பாப்போம்!" என்று கத்தினேன். விடிந்து பார்த்தால் ஆறு கோழிகளைக் காணோம். நீ இறகுகளைப் பொறுக்கி என் தட்டில் வைத்து, "இனிமே அவளே உனக்குச் சமைச்சுப் போடட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். மீதி ஐந்து கோழிகளும் இப்போது என்னோடு வீட்டுக்குள்தான். ஒன்று உன் தலையணையில் முட்டையிட்டது. நான் வேகவைத்த அவரையைக் கழுதையே முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

என் பக்க நியாயத்தையும் கேள். பள்ளிக்கூடத்து அசும்தா டீச்சரிடம் விசாரித்தேன். அந்த மிருகத்துக்குப் பழைய பெயர் வேறாம். அதைச் சொல்லப் பயந்துதான் எப்போதோ யாரோ ஒரு பெண்ணின் பெயரை வைத்தார்களாம். வினிஹில்த் என்ற அந்தப் பெயர் தேய்ந்துதான் கினேவ் ஆனதாம். ஆக, நான் கத்தியதே உன் அம்மா சொன்ன மாதிரி ஒரு மறைமுகப் பெயர்தான்! "அப்ப உங்க மேல தப்பே இல்லையா? அதைக் கோழிங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

பழைய ஜெர்மானிய மொழியில் வினி என்றால் தோழமையாம், ஹில்த் என்றால் சண்டையாம். சண்டைக்காரத் தோழி! முப்பத்தெட்டு வருஷமா அது யாருன்னு எனக்குத் தெரியாதா, ரெமேய்? வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்தா சொல்ல ஆளில்லை. நீ இல்லாம எனக்கு முடியலை.

ஆகவே, பெயரைச் சொல்வதால் யாரும் வந்துவிட மாட்டார்கள், அது வெறும் மூடநம்பிக்கை. இதை ஒப்புக்கொண்டு நீ வீடு திரும்பலாம். அக்காவுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
பால்திரி

பின்குறிப்பு: மேலே உள்ள கடைசிப் பாராவை அடித்துவிடு. தினமும் சாயங்காலம் அதே முற்றத்தில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். முதலில் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். இப்போது எர்மெங்கோல் வீடுவரை கேட்கிறதாம். அந்தம்மா இரண்டு கூப்பாட்டுக்கு வந்துவிட்டாள். உனக்கு இன்னும் எத்தனை?