காலைச் சாப்பாட்டில் டிக் அடித்தவள்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தான் எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்றாற்போல் அது எதையும் வாங்காது. நாளைக்கு எப்படி இருக்கப் போகிறதோ, அந்த ஆளுக்கு வாங்கும். இந்த இனத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், பருவம் தொடங்கும் வாரத்தில் பல்கலைக்கழக விடுதிக்குப் போங்கள். அங்கே சாப்பாட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பம் கொடுப்பார்கள். பேனாவைக் கடித்துக்கொண்டு கனவு காண்கிறவர்கள் எல்லாம் அந்த இனம்தான்.

விண்ணப்பத்தில் கட்டங்கள் மூன்றே மூன்று. மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று, காலையும் மதியமும் போதும் என்பவர்களுக்கு ஒன்று, மதியமும் இரவும் போதும் என்பவர்களுக்கு ஒன்று. இரண்டாம் மாடியில் ஓர் அறையில், கட்டடக்கலை படிக்கிறவள் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அரை நிமிட வேலை. அதே அறையில் இருந்த இன்னொருத்தி, வேதியியல் இரண்டாம் ஆண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் யோசித்தாள். பசியைப் பற்றியா யோசித்தாள்? ஒழுக்கத்தைப் பற்றி யோசித்தாள். மூன்று வேளைத் திட்டம் வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டாள். காலை ஐந்தரைக்கு எழுந்து, மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றி, குளித்துத் தலைவாரி, ஏழு மணிக்கு உணவுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒரு வேகவைத்த முட்டை, இரண்டு துண்டு ரொட்டி, ஒரு பழம் என்று நிதானமாக மென்று, அன்றைய பாடத்தை ஒரு புரட்டுப் புரட்டி, வகுப்புக்கு முதல் ஆளாகப் போய், மாலை ஆறு மணிக்குமேல் வெந்நீரைத் தவிர எதையும் வாயில் வைக்காத ஒரு பெண் அவள் கண்முன் நின்றாள். அந்தப் பெண்ணுக்காக நடுக்கட்டத்தில் டிக் அடித்தாள். அந்தப் பெண்ணை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஈரத் துணியோடு திரும்பி வந்த அறைத்தோழி விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, ராத்திரிக்கு என்ன பண்ணுவ?"

"ராத்திரிச் சாப்பாடே உடம்புக்குக் கெடுதல். ஆறு மணியோட வாயைக் கட்டிடப் போறேன்."

"காலையில ஒன்பது மணிக்கு மூஞ்சியில தண்ணி தெளிச்சு உன்னை எழுப்பறவ நான்."

"அதெல்லாம் பழைய கதை."

"நேத்துடி."

"நீ இறந்தகாலத்தையே பேசு. நான் வருங்காலத்தைப் பாக்கறேன்."

அன்றிலிருந்து மாடி முழுக்க வேதியியல்காரிக்கு 'வருங்காலம்' என்றே பெயர்.

அம்மாவுக்கு போன் போட்டு நல்ல சேதியைச் சொன்னாள். குக்கர் சத்தத்துக்கு மேலே அம்மாவின் குரல் வந்தது.

"ஏழு மணிக்கா? நீயா? பதினெட்டு வருஷம் நான் காட்டி நீ பாக்காத சூரியனை அவங்க காட்டப் போறாங்களாக்கும். இரு, அப்பாகிட்ட நீயே சொல்லு. மனுஷன் சிரிச்சு நாளாச்சு."

திட்டம் தொடங்கிய நாள், வருங்காலம் ஒன்பதேகாலுக்கு எழுந்தாள். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் மழை இல்லை, ஆனால் வருமோ என்றிருந்தது. இந்த இனத்துக்கென்று சில மந்திரங்கள் உண்டு. "வாரத்துக்கு நடுவுல ஆரம்பிச்சா நிக்காது" என்பது ஒன்று. "செஞ்சா ஒழுங்கா செய்யணும், அரைகுறையா செய்யறதுக்குச் செய்யாமலே இருக்கலாம்" என்பது இன்னொன்று. இரண்டாவதை அவள் போர்வைக்குள் இருந்தபடியே சொல்வாள்.

ஆக, காலைச் சாப்பாடு உண்டு, ஆள் இல்லை. இரவில் ஆள் உண்டு, சாப்பாடு இல்லை. மாலை ஏழு மணியானால் வெங்காயம் வதங்குகிற வாசனை மாடிப்படி ஏறி, நேராக அவள் அறைக்குள் வந்து உட்காரும். உணவுக்கூட வாசலில் இருந்த இயந்திரத்தில் சாப்பாட்டு அட்டையை வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பி வைத்துப் பார்த்தாள். விளக்குக்கு இரக்கம் கிடையாது. ராத்திரிக்கு பிஸ்கட்டிலேயே பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலை ஆய்வுக்கூடத்தில் கண் இருட்டி, பக்கத்து மேசைக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ராத்திரியில் அறைத்தோழிதான் தன் தட்டிலிருந்து இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, துப்பட்டாவுக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். சாப்பாட்டை வெளியே எடுத்து வருவது குற்றம்.

"இங்க பாரு வருங்காலம், மாட்டினா என் கார்டையும் புடுங்கிடுவாங்க. இனிமே என்னால முடியாது. வெள்ளிக்கிழமைதான் மாத்தறதுக்குக் கடைசி நாள். விட்டா பருவம் முழுக்க இதே பட்டினிதான். போய் மாத்திட்டு வந்துடு."

மாற்றிவிடலாம். ஆனால் திட்டத்தை மாற்றித் தருகிற கவுன்ட்டர் உணவுக்கூடத்துக்குள்ளேயே இருந்தது. திறந்திருக்கும் நேரம், காலை ஏழு முதல் எட்டு. காலைச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல, காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து வர வேண்டும். இந்த விதியை எழுதியவர் மனிதர்களைப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மூன்று அலாரங்களும் அறைத்தோழியின் ஒரு காலும் சேர்ந்து அவளைக் கட்டிலிலிருந்து இறக்கின. ஏழு மணிக்கு உணவுக்கூடத்தில் இருந்தாள். மேசைகளெல்லாம் துடைத்துப் பளிச்சென்று கிடந்தன. பாலில் ஆவி பறந்தது. பரிமாறுகிறவர், "வாம்மா, புதுசா?" என்று கேட்டு இரண்டு முட்டை வைத்தார். ஏற்கெனவே பணம் கட்டியதுதானே என்று உட்கார்ந்தாள். நிதானமாக மென்றாள். பழத்தைக்கூட உரித்துத்தான் சாப்பிட்டாள். எழுந்தபோது, என்றைக்கும் இப்படியே எழுந்து பழகிய பெண்ணைப்போல நடந்தாள்.

கவுன்ட்டர் அம்மாள் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றிக்கொண்டே நிமிராமல் கேட்டார்.

"எதுக்கு மாத்தணும்?"

"மதியமும் ராத்திரியும்."

"காலையில எழுந்திரிக்க முடியலையா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். வருங்காலத்துக்குச் சுருக்கென்றது.

"யாருக்கு முடியல? இதோ எழுந்து, குளிச்சு, சாப்பிட்டுட்டுத்தானே வந்து நிக்கிறேன்?"

அம்மாள் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எதுக்கும்மா மாத்தறே?"

நியாயமான கேள்வி. விண்ணப்பத்தை நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அறைத்தோழி மாடிப்படியில் காத்திருந்தாள். "மாத்திட்டியா?"

"எதுக்கு மாத்தணும்? இன்னைக்கு எழுந்துட்டேனே!"

அறைத்தோழி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை வருங்காலம் பத்து மணிக்குக் கண் விழித்தாள். பருவம் முடிய இன்னும் பதினான்கு வாரம் இருந்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் அலமாரியின் மேல்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உறை பிரிக்காத நீச்சல் கண்ணாடி ஒன்று இருக்குமே, அது யாருக்கு வாங்கியது? உங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது என்று கேள்வி. சரி, யாரோ வரப் போகிறார் என்றுதான் வாங்கி வைத்திருப்பீர்கள். எப்போது வருகிறாராம்?