மாமா வீட்டுக்கு எச்.டி. வந்த நாள்

புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சாப்பிட வேண்டும், சிரிக்க வேண்டும், கொட்டாவி வந்தால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். எதையும் செய்து தருகிறேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. எனக்கு இது விளங்க ஒரு கிரிக்கெட் இறுதியாட்டமும் ஒரு பொலிஸ் சார்ஜனும் தேவைப்பட்டார்கள்.

யுத்தம் முடிந்து, ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்த காலம். நான் அங்கே ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். மாமா கல்பிட்டியில் கருவாட்டு வியாபாரி. ஊரில் ஹாஜியார் என்றால் அவர்தான்.

அன்டெனாவில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். டிஷ் பூட்டுகிற கம்பனியோ ஒன்றே ஒன்று. அவர்கள் நினைத்தபோதெல்லாம் மாதக் கட்டணம் ஏறும். வேறு கம்பனிக்குப் போய்விடுவேன் என்று மாமா ஒருமுறை போனில் மிரட்டினார். மறுமுனையிலிருந்த பிள்ளை, எந்தக் கம்பனி என்று உண்மையான ஆர்வத்தோடு விசாரித்தாளாம்.

இறுதியாட்டத்துக்குக் கொஞ்சம் முன்னர், விளையாட்டுச் சனலை எச்.டி. பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். மாமா கோபிப்பார் என்று பார்த்தால், அவர் கொஞ்சம் பொறாமைப்பட்டார்.

"ஊர்ல நான் ஒருத்தன் மட்டும் கருவாடு வித்தா, நானும் இப்படித்தான் செய்வன்" என்றார்.

நான் வாயைத் திறந்தது அப்போதுதான். ஹோட்டலில் எச்.டி. இருக்கிறது, புல்லைக்கூட எண்ணலாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். (ஹோட்டல் டீவியைத் துடைத்ததைத் தவிர அதோடு எனக்கு வேறு பழக்கம் இல்லை.)

பெட்டி வந்தது. பூட்ட வந்தவர் மாமாவின் டீவியைச் சுற்றிப் பார்த்தார். சவூதியிலிருந்து வந்த, பின்பக்கம் வீங்கிய பழைய டீவி. புது வயரைச் செருக அதில் ஓட்டையே இல்லை, பழைய வயரில் கொடுத்தால் படம் வரும், எச்.டி. வராது, ஓரங்களும் வெட்டுப்படும் என்றார். நான் அவரை மெதுவாக முற்றத்துக்குக் கூட்டிப்போய், பூட்டிவிட்டுப் போங்கள், இந்தக் கதையை உள்ளே மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன்.

ஆட்டத்தன்று அக்கம்பக்கம் முழுக்க மாமா வீட்டில்தான். வேறு யாரிடமும் அந்தச் சனல் இல்லை. கதிரைகள் போதாமல் பாய் விரித்தோம். மாமி பெரிய சட்டியில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டிலப்பம் அவித்திருந்தார். மாமா எழுந்து நின்று, இது மருமகன் கொண்டுவந்த எச்.டி. என்று அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மச்சான் ஒருவர், பந்தின் தையல்கூடத் தெரிகிறது என்றார். நேற்றைய படத்துக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்று தெரிந்திருந்தும், எனக்கும் தையல் தெரிந்தது.

ஓட்டக் கணக்கின் இரண்டு முனைகளும் திரைக்கு வெளியே இருந்தன. யாரோ காரணம் கேட்டார்கள். எச்.டி.யில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக இப்படித்தான் போடுவார்கள் என்றேன்.

பின்னேரம் கல்பிட்டிக் காற்று எழும்பி டிஷ்ஷை ஆட்டியது. படம் அப்படியே உறைந்தது. கூரையில் ஏறி நான் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்க, சில ஓவர்கள் போய்விட்டன. அதைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கி வந்தபோது கடைசி ஓவர். திரையின் கீழே, இடது ஓரத்தில்: '2 ஓட்டம் எடுத்தால் இலங்கைக்கு வெற்றி.'

அடுத்த பந்து நாலு.

வீடு அதிர்ந்தது. வர்ணனையாளர் என்ன சொன்னார் என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. மச்சான்மார் தெருவில் சீனவெடிக் கட்டுகளைக் கொளுத்தினார்கள். மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். மாமி வட்டிலப்பம் பரிமாறத் தொடங்கினார். மாமாவின் தோளுக்கு மேலாக நான் திரையைப் பார்த்தேன். அடுத்த பந்தைப் போட ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான்.

கடைசி விக்கெட்டும் விழுந்தபோது வெளியே இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ் ஜீப் வந்தது. சார்ஜன் சிங்களவர், மாமாவிடம் கருவாடு வாங்குகிறவர். அன்று முகத்தில் அந்தப் பழக்கம் தெரியவில்லை. ஸ்டேஷனில் ரேடியோவில் ஆட்டம் கேட்டிருக்கிறார்.

"ஹாஜியார், இலங்கை தோத்ததுக்கா வெடி போட்டீங்க?"

அந்தக் காலத்தில், ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில், அது சாதாரணக் கேள்வி இல்லை. மாமா வட்டிலப்பக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், ரெண்டு தானே வேணுமா இருந்திச்சு?"

"பன்னிரண்டு மாமா" என்றேன். "முன்னுக்கு நிண்ட ஒண்டு டீவிக்கு வெளிய போயிட்டு."

பிறகு ஓட்டை இல்லாத டீவி, பழைய வயர், வெட்டுப்பட்ட ஓரம் எல்லாவற்றையும் சபை நடுவே ஒப்புவித்தேன். தையல் பார்த்த மச்சான் முகட்டைப் பார்த்தார். சார்ஜன் டீவிக்கு முன்னால் குந்தி, திரையின் ஓரத்தை விரலால் தடவினார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மாமி ஒரு கோப்பையை நீட்ட, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, இன்னொன்றும் கேட்டு வாங்கினார். மாமாவுக்கு மட்டும் சிரிக்க மறுநாள் வரை எடுத்தது.

இப்போது அந்த வீட்டில் உண்மையான எச்.டி. இருக்கிறது. போன மாதம் என் மகள் வகுப்பில் இரண்டாம் பிள்ளையாக வந்திருக்கிறாள் என்று மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"மாஷா அல்லாஹ்" என்றார். "முன்னுக்கு ஒண்டு நிக்குதா எண்டு நல்லாப் பாத்தீங்களா, மருமகன்?"