ஒரு சோப்பு திரும்பாதது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், தொண்ணூறு நாளைக்கான மாவு, சர்க்கரை, எண்ணெய், மெழுகுவர்த்தி வகையறாவும் சுகம். அங்கே நீங்களும் பிள்ளைகளும், இருப்பு என்று வீட்டில் ஏதாவது வைத்திருந்தால் அதுவும், சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் ஒரு சோப்பைப் பற்றியது. போன செவ்வாய்க்கிழமை உங்கள் அக்கா பெட்டியோடு அங்கே கிளம்பி வந்தபோது, நம் சரக்கறையிலிருந்து குளியல் சோப்பு ஒன்று எடுத்து வந்திருக்கிறாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 'திரும்பும் தேதி' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள். முப்பது வருஷம் கப்பலில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

அவள் தன் நியாயத்தைச் சொல்லியிருப்பாள், என்னுடையதையும் கேளுங்கள். கரையை விட்டுக் கிளம்பினால் தொண்ணூறு நாள் கடைகண்ணி கிடையாது, வீட்டையும் அப்படித்தான் நடத்த வேண்டும் என்பது என் கொள்கை. "எதிர்லயே கடை இருக்கு, ஜன்னலத் திறந்து கூப்பிட்டா கொண்டாந்து குடுப்பாரு" என்பாள் உங்கள் அக்கா. நடுக்கடலில் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் யார் வருவார்? பொருளுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பக்கம் என்று எழுதி வைத்தேன். போன மாதம் கரண்ட் போனபோது, டார்ச் எந்தத் தட்டில் என்று பதிவேட்டைப் புரட்டினேன், படிக்க வெளிச்சம் இல்லை, வெளிச்சத்துக்கு டார்ச் வேண்டும், அதற்குள் இவள் எதிர்க்கடையில் மெழுகுவர்த்தி வாங்கி வந்து ஏற்றிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். வரவு வைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன், அது ஒரு குற்றமா?

சரக்கறைக்கு முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பழைய பாக்கெட் முன்னால், புதுசு பின்னால். அந்தச் செவ்வாய்க்கிழமை மாடி வீட்டு அம்மா வந்திருந்தார். இவள் நேரே கடைசி வரிசைக்குள் கையை விட்டுப் புது பிஸ்கட்டை எடுக்கிறாள்! "அது வேணாம், முன்னாடி இருக்கறத எடு, இன்னியோட தேதி முடியுது" என்றேன். இன்ஜின் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், கூடம் வரைக்கும் கேட்டுவிட்டது. அந்த அம்மா பிஸ்கட்டைக் கடித்தார். சத்தமே வரவில்லை, வளைந்தது. அவர் போனதும் இவள் ஆரம்பித்தாள்: "நீங்க கப்பல்லேருந்து இறங்கி நாலு வருஷம் ஆச்சு. நாலு வருஷமா இந்த வீட்ல ஒரு பிஸ்கட் கடிச்சா சத்தம் வந்ததில்ல. புதுசா வாங்கறோம், அது பழசாகற வரைக்கும் காவல் இருந்து திங்கறோம்!" பதிவேட்டைப் பார்த்தேன், அவள் சொன்னது சரியாகவே இருந்தது. பெட்டியைத் தூக்கினாள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "சோப்பு எடுத்திருக்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்றேன்.

நிற்க. அவள் இல்லாததால் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு பேருக்குத் தொண்ணூறு நாள் என்றால் ஒருவனுக்கு நூற்றெண்பது நாள். ஆகவே அவளை அவசரப்படுத்த வேண்டாம். சோப்பு என்றைக்குத் திரும்பும் என்பதை மட்டும், நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல், நைசாக விசாரித்து எழுதவும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அளவு பார்க்காமல்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: நூற்றெண்பது என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று காலை கடைசி வரிசையிலிருந்து புதுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்துவிட்டேன், பதிவேட்டில் ஏற்றவில்லை. கடித்தேன். நல்ல சத்தம். கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. மீதிப் பதினோரு பிஸ்கட்டை டப்பாவில் போட்டு இறுக்கி மூடியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை வண்டிக்கு ஸ்டேஷனில் நிற்பேன். சோப்பை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் நமுத்துப் போவதற்குள் உங்கள் அக்காவை அனுப்பிவையுங்கள்.