இடுப்பு வரை முதல் பாகம்

தொலைந்த பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை இது. என் மனைவி வீட்டிலோ இதைத்தான் என்னிடமுள்ள ஒரே பெரிய குறை என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் ஒரே சம்பவம்தான்.

கல்யாணமான புதிது. கவிதாவும் நானும் இரண்டு நாள் பெங்களூரு போய்வருவதாக ஏற்பாடு. சர்ச் ஸ்ட்ரீட் பக்கமுள்ள பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. (தேனிலவுக்குப் போகிற இடமா அது என்று கேட்காதீர்கள். அவள் கேட்டுவிட்டாள்.) செய்தி தர்மபுரியில் இருக்கும் மாமனார் காதுக்குப் போனது. கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னார்.

மாமாவிடம் ஒரு பழைய வீட்டு வைத்தியப் புத்தகம் உண்டு. அட்டையும் முதல் சில பக்கங்களும் எப்போதோ போய்விட்டதால் அதன் பெயர் அவருக்கே தெரியாது. தலைமுடி உதிர்வதில் தொடங்கி, கண், காது, தொண்டை என்று படிப்படியாகக் கீழே இறங்கி, வயிற்றைத் தாண்டி, சரியாக இடுப்பில் வந்து ‘மற்றவை இரண்டாம் பாகத்தில்’ என்று முடிந்துவிடும். அந்த இரண்டாம் பாகத்தைத்தான் மாமா ஆயுசு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

“பேரு தெரியாது மாப்ள. அதனால இதையே கையில எடுத்துட்டுப் போங்க. இதே எழுத்து, இதே தாளு. பாத்தாத் தெரிஞ்சுடும். இது என் உசுரு, பத்திரம்” என்று புத்தகத்தை என் கையில் வைத்தார்.

அத்தை வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பெங்களூரு பெரிய ஊரு மாப்ள. கூட்டம் ஜாஸ்தி. எது எங்க போச்சுன்னே தெரியாது. அப்படியே போனாலும் உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

என்ன பெருந்தன்மையான குடும்பம் என்று நெகிழ்ந்துபோனேன்.

அந்தக் குடும்பத்தில் எனக்கிருந்த ஒரே கவலை, அவர்களுடைய கால்கள். அத்தைக்கு எப்போதும் முழங்கால் வலி. மச்சானுக்குக் குதிகால். கவிதாவுக்குக் கணுக்கால். நாளைக்கு நமக்குப் பிறக்கிற பிள்ளை எப்படி நடக்குமோ என்றுகூட யோசித்திருக்கிறேன். அந்த வீட்டில் தலைவலி என்று வாயைத் திறந்த ஒரே ஆள் நான்தான், மறுவீட்டு விருந்தின்போது. மாமா உடனே புத்தகத்தைப் பிரித்து, எதையோ அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, ஒரு டம்ளர் கஷாயமும் கொடுத்தார். குடித்த பிறகு நாக்கும் வயிறும் பட்ட பாட்டில் எனக்குத் தலை என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. வீடே என்னைச் சுற்றி நின்று பார்த்தது. அந்தப் பார்வையைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெங்களூருவில் நாங்கள் நுழைந்த முதல் கடையில் மாடிப்படியில்கூடப் புத்தகம் அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் எனக்கு முன்னால் இருந்தவரிடம் கன்னடத்தில் பேசிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“சார், கையில இருக்கிற புக்கை இங்க வெச்சுட்டுப் போங்க. உள்ள போனா கலந்துடும்.”

“என் புத்தகம் எனக்குத் தெரியாதா?” என்றேன். (புது மாப்பிள்ளை. அந்தச் சமயத்தில் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை.)

கவிதா கவுண்ட்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். தமிழ்ப் புத்தகங்கள் கடைசி மூலையில், தரையில் கிடந்தன. மாமாவின் உயிரை ஓர் அடுக்கின் மேல் வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தேன். கையில் அகப்பட்டது ஒரு தொடர்கதை. யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துக் கிழித்து பைண்டு செய்தது. கதாநாயகியை ஒரு பங்களாவில் பூட்டி வைத்துவிட்டார்கள். அவளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வர எனக்கு மனசில்லை.

“தம்பி, வைத்தியப் புக்கு ஏதாவது இருக்கா?” என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

நான் நிமிரவில்லை. “அந்த அடுக்குல மேலேயே இருக்கு பாருங்க. நல்ல புக்கு” என்றேன்.

இதைச் சொன்னது என் வாய்தான். வேறு யாருடைய வாயும் அருகில் இல்லை.

கதாநாயகி ஜன்னல் வழியாகத் தப்பித்த பிறகு நிமிர்ந்தேன். அடுக்கின் மேலே ஒன்றுமில்லை. வயிற்றைக் கலக்கியது. (அதற்கு முதல் பாகத்தில் மருந்து உண்டு. முதல் பாகம்தான் இல்லை.) ஓடிவந்து கடைக்காரரைப் பிடித்தேன்.

“அட்டையில்லாத புக்கா? ஒரு பெரியவரு வாங்கிட்டுப் போயிட்டாரே. ‘உள்ள இருக்கிற உங்க ஆளு கேட்டவுடனே எடுத்துக் காட்டினாரு’ன்னு உங்களப் பாராட்டிட்டு வேற போனாரு.”

கவிதா ஸ்டூலை விட்டு எழுந்தாள். முகத்தில் ஒரு களை. “போனா போகட்டும் விடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். வாங்க, நல்ல காபியாப் பாத்து சாப்பிடலாம்.”

பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்துவிட்டாளே! இவளுக்காகவாவது அந்தப் புத்தகத்தை மீட்காமல் விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

பெரியவர் அடுத்த தெருக் கடைக்குத்தான் போயிருப்பார் என்றார் கடைக்காரர். ஓடினேன். அந்தக் கடை தரைக்குக் கீழே இருந்தது. படியில் இறங்குகிற அவசரத்தில், அங்கே அடுக்கியிருந்த சமையல் புத்தகங்களை மிதித்து வழுக்கி, மிச்சப் படிகளை முழங்காலாலேயே இறங்கினேன். “நீங்க தேடுறவரு இப்பத்தான் போனாரு” என்றார் அங்கிருந்தவர், என்னைத் தூக்கிவிட்டபடி. பெரியவர் வழக்கமாக வருகிறவர் என்பதால் அல்சூரில் வீடு இருக்கும் தெருவையும் சொன்னார்.

“காலைப் பாருங்க, வீங்கிடுச்சு. திரும்பிடலாம்” என்று ஆட்டோவில் வழி முழுக்கக் கவிதா கெஞ்சினாள். நான் கேட்டால்தானே?

பெரியவர் பீன்யாவில் ஏதோ ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தலையில் இறுக்கித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே கிடந்த மாமாவின் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் நடந்ததை ஒரே மூச்சில் சொன்னதும் பெரியவரின் முகம் வாடிவிட்டது.

“எவ்ளோ வருஷமா இதைத் தேடறேன் தெரியுமா தம்பி?” என்று உள்ளே போய் இன்னொரு புத்தகத்தை எடுத்து வந்தார். அதே எழுத்து, அதே தாள். முதல் பக்கமே இடுப்பு வலி.

இரண்டாம் பாகம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும் கலங்கியது, நான் முதல் பாகத்தை விடாமல் பிடித்திருந்ததால்.

“இது எங்க மாமனாரோட உசுரு ஐயா” என்றேன்.

அந்த அம்மாள் தலைத் துணியை அவிழ்த்துக்கொண்டே எழுந்து வந்தார். “குடுத்துடுங்க. ஒரு வீட்டு மாப்ள வாசல்ல வந்து கேக்கறாரு. இந்தாங்க தம்பி, இதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. பாதி புக்கை வெச்சுக்கிட்டு எங்களுக்கு எதுக்குப் பேஜாரு?”

“ஏய், அது என்னோடதுடி!”

“நீங்க சும்னே இருங்க.”

இரண்டையும் பையில் போட்டு, அந்த அம்மாளே தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். “தலைவலி தேவலையாம்மா?” என்று கேட்டேன். “இப்பத்தான் சரியாச்சு” என்றார். கவிதாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏதோ நெருங்கிய சொந்தக்காரர்கள் மாதிரி. நான் அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டு, இரண்டு பாகமும் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மாமா அழுதார்.

மறுநாள் ஊர் திரும்ப பஸ் ஏறினோம். எல்லையில், அத்திபெலே நெரிசலில் பஸ் நின்றபோது கவிதா கேட்டாள்.

“எங்க வீட்ல எல்லாருக்கும் ஏன் கால்லயே வலி வருதுன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?”

“பரம்பரையா?” என்றேன்.

“முதல் பாகத்துல கால் கிடையாதுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மடியில் இருந்த பையைப் பார்த்தேன். அத்தை வாசல் வரை வந்து சொன்னதும், கவிதா காபிக்குக் கூப்பிட்டதும், அந்த அம்மாளுக்குத் தலைவலி பறந்ததும் வரிசையாக வந்து புரிந்தன. வெளியே வீசிவிடலாம்தான். ஆனால் போன் போட்டுத் தொலைத்துவிட்டேனே!

தர்மபுரியில் மாமா வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் அத்தையும் மச்சானும் விறைப்பாக நின்றார்கள். அத்தையின் முழங்கால் வலி அந்த நிமிடத்தோடு சரி, இன்றுவரை வரவில்லை. அன்று அந்த வீட்டில் நொண்டியவன் நான் ஒருவன்தான்.

“என்ன மாப்ள, காலை இழுத்து இழுத்து நடக்கறீங்க?” என்றபடி மாமா இரண்டாம் பாகத்தைப் பிரித்தார். முழங்காலுக்கு அதில் ஓர் அத்தியாயமே இருந்தது. உள்ளுக்குச் சாப்பிடவும் ஒன்று, மேலே பூசவும் ஒன்று. பூசியதன் வாடைக்குக் கவிதா என்னைக் கூடத்தில் படுக்க வைத்தாள். சாப்பிட்டதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

இப்போது அந்த வீட்டில் யாருக்கும் எங்கேயும் வலிப்பதில்லை. கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டாலும் சிரிக்கிறார்கள். “ரெண்டாம் பாகம் வந்ததுக்கப்புறம் எங்க வீட்ல ஒருத்தருக்கும் ஒரு நோவு கிடையாது, எல்லாம் எங்க மாப்ள புண்ணியம்” என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் பேசுவது வேறு. சாவியோ, கண்ணாடியோ, ஒற்றைச் செருப்போ, வீட்டில் எது காணாமல் போனாலும் அத்தை முதலில் என் பக்கம் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரியே ரகசியம் சொல்வார்.

“மாப்ள காதுல போட்றாதீங்க. ரெண்டாக் கொண்டாந்துடுவாரு.”