அரைக்கம்பத்தில் ஒரு பிறந்தநாள்

கொடி பாதிக் கம்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

நரேஷ் கயிற்றை இன்னொரு முறை இழுத்தான். சிக்கல் இறுகியதுதான் மிச்சம்.

"என்னங்க, ஏறிடுச்சா?" சமையலறை ஜன்னலிலிருந்து பூர்ணா கேட்டாள். இன்று அவளுக்குப் பிறந்தநாள். பட்டுப்புடவையோடு கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

"பாதி ஏறிடுச்சு."

"பாதின்னா?"

"மீதியும் ஏறிடும். நீ கேசரியைப் பாரு, அடிப்பிடிக்கப் போவுது."

வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் டென்மார்க்கில் தோட்டத்துக் கம்பத்தில் தேசியக் கொடி ஏற்றுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதை இன்றைக்கு ஏற்றியே தீருவது என்று நரேஷ் ஒற்றைக்காலில் நின்றதற்கு வேறு காரணம் இருந்தது. நான்கு மணிக்கு வீட்டுக்காரர் பௌல் வருகிறார். இப்போதே மணி இரண்டு.

தலைநகரை ஒட்டிய டோஸ்ட்ருப்பில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் நான்கு வருடம் இருந்துவிட்டு, விபோர்க் நகருக்கு வெளியே, ஒரு குக்கிராமத்தில் இந்த வீட்டைப் பிடித்திருந்தார்கள். நாணல் கூரை, நீலக் கதவு, பின்னால் இரண்டு ஆப்பிள் மரம். பார்த்த அன்றே, "இனிமே என்னை இங்கேருந்து யாரும் கிளப்ப முடியாது" என்று பூர்ணா சொல்லிவிட்டாள். பௌல்தான் பிடிகொடுக்கவில்லை. "மூன்று மாதம் இருந்து பாருங்கள். ஊரோடு ஒட்டுகிறீர்களா என்று நானும் பார்க்கிறேன். பிறகு ஒப்பந்தம் போடலாம்" என்றிருந்தார். மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. இதுவரை நரேஷ் ஊரோடு ஒட்டியதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி நம்பிக்கை இந்தக் கொடிதான்.

ஏணி கொண்டுவந்தான். எட்டவில்லை. ஏணியில் நின்று துடைப்பக் கட்டையால் நெம்பினான். கயிறு கொக்கியில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. இறங்கி வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. கொடி அரைக்கம்பத்தில் பறந்தால் துக்கமல்லவா? பள்ளிக்கூடத்தில் லீவு விட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம், மறக்குமா?

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு கிர்ஸ்டன் அம்மா கையில் பூங்கொத்தோடு வந்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் சிரித்து நரேஷ் பார்த்ததில்லை. இன்றும் சிரிக்கவில்லை. கொடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பேசாமல் பூவை நீட்டினார்.

கயிறு சிக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் துக்கம் கேட்க வந்தவரிடம், உங்கள் நாட்டுக் கொடியை ஏற்றத் தெரியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? பௌல் காதுக்குப் போனால் வீடு போச்சு. சென்னையில் வேலை பார்த்தபோது லீவுக்காக ஒரே தாத்தாவை மூன்று முறை சாகடித்த வாய், தானாகத் திறந்துகொண்டது.

"எங்கள் குடும்பத்தில் வயதான ஓர் அம்மா. இன்று காலையில் தவறிவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

கிர்ஸ்டனின் முகம் மாறிப்போனது. அவனைக் கட்டியணைத்துவிட்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனார்.

பூர்ணா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் இல்ல. சும்மா சொன்னேன்."

"என் பிறந்தநாள் அதுவுமா?"

"கத்தாதே. நாலு மணி வரைக்கும் சமாளிச்சுட்டா போதும். முதல்ல புடவையை மாத்து. கேசரியை ஒளிச்சு வை."

"கேசரி என்ன பாவம் பண்ணுச்சு?"

"துக்க வீட்டுல கேசரி இருக்குமா?"

"இது துக்க வீடுன்னு யார் சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

ஒரு மணி நேரத்தில் ஊரே வந்துவிட்டது. ஊர் என்றால் ஒன்பது பேர். கடைசியாகத் தெருமுனைப் பெரியவர் ஒரு கேக்கோடு வந்தார். வாசலில் கிர்ஸ்டன் அவர் காதில் ஏதோ சொன்னதும், கேக்கின் மேலிருந்து எதையோ அவசரமாகப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூர்ணா சாயம்போன சுங்குடிச் சேலையில் காபி கொடுத்தாள். ஆத்திரத்தில் அவள் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் அவள் தோளைத் தடவிக்கொடுத்தார்கள்.

"அந்த அம்மாவின் பெயர் என்ன?" கிர்ஸ்டன் கேட்டார்.

"நாச்சியார்."

"வயது?"

"தொண்ணூற்று இரண்டு."

"படம் இருக்கிறதா? ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்போமே."

படத்துக்கு எங்கே போவது? உயிரோடு இருக்கிற யார் படத்தைத் தொட்டாலும் பூர்ணா கையை ஒடித்துவிடுவாள். உள்ளே போனவன், சமையலறைச் சுவரில் தொங்கிய ஜவுளிக்கடைக் காலண்டரைக் கத்தரித்துக்கொண்டு வந்தான். மயில்பச்சைப் பட்டு கட்டிய மாடல் அழகி பளிச்சென்று சிரித்தாள்.

"இளமையில் எடுத்த படம்" என்றான்.

"என்ன அழகு!" பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போன தீபாவளிக்கு இதே புடவையைத்தான் கேட்டேன், வாங்கித் தரல" என்று பூர்ணா பல்லைக் கடித்தபடி தமிழில் சொன்னாள். "அவளுக்கு மட்டும் விளக்கு ஏத்துறீங்களா?"

மெழுகுவர்த்தி எரிந்தது. யாரோ ஒருவர் தொடங்க, ஒன்பது பேரும் மெல்லிய குரலில் பாடினார்கள். அழகான பாட்டு. யாரென்றே தெரியாத ஒருத்திக்காக இவர்கள் உருகிப் பாடியதைப் பார்த்து நரேஷுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படிப்பட்ட மனிதர்களிடமா பொய் சொன்னோம் என்று நிஜமாகவே வருந்தினான்.

சரியாக நான்கு மணிக்குப் பௌல் வந்தார். வாசலிலேயே சேதி சொல்லப்பட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டு ஜவுளிக்கடை அழகியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ஐந்து வருடம்" என்றார். "இந்த வீட்டில் இத்தனை பேர் சேர்ந்து உட்கார்ந்து வெகுநாளாகிறது."

பூர்ணா அழுதேவிட்டாள். ஆனந்தக் கண்ணீர்தான். அதையும் ஊர் நாச்சியார் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

வீடு கைக்கு வந்ததும் நரேஷுக்கு மனசாட்சியும் வந்துவிட்டது. முழு உண்மையைச் சொல்லத் தைரியம் போதவில்லை. ஓரத்தையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"பௌல், மன்னிக்க வேண்டும். கொடிக் கயிறு சிக்கிவிட்டது. என்னால் மேலே ஏற்ற முடியவில்லை. ஆள் வைத்துச் சரிசெய்துவிடுகிறேன்."

கேக்கை வெட்டிக்கொண்டிருந்த கிர்ஸ்டன் நிமிர்ந்தார். "அது இருபது வருடமாகவே பாதிக்கு மேல் ஏறாது, ஊருக்கே தெரியும், யாருக்கோ பிறந்தநாள் என்றுதான் நான் பூ கொண்டுவந்தேன், நீங்கள்தான் பாவம், சாவைச் சொன்னீர்கள்!"