பொது அறைச் சுவரில் என் புது டெஸ்க்டாப்

அன்பு மச்சான் இளங்கோவுக்கு,

முகப்பேரிலிருந்து உன் மாமா எத்திராஜ் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா தாட்சாயிணி, நீ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் மூவரும் சுகம். ஓசூரில் நீயும் அருள்மொழியும் குழந்தை சரணும் சுகமாக இருக்க வேண்டும். முறைப்படி உன் வேலை, அந்த ஊர்க் குளிர், குழந்தையின் பல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். விஷயம் பெரிது. நம் கம்ப்யூட்டருக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது மச்சான்!

வியாழக்கிழமை காலை பேப்பர் படிக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து, ‘உங்கள் டெஸ்க்டாப்பின் புதிய பதிப்பு தயார்’ என்றது. தமிழில்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ அந்தத் திருட்டு சாஃப்ட்வேரைத் துடைத்துவிட்டு இந்த லினக்ஸை ஏற்றிக் கொடுத்தபோது, “மாமா, இது உலகம் முழுக்க இருக்கறவங்க சேர்ந்து செய்யறது, காசு கிடையாது, யார் வேணா உள்ள தொறந்து பாக்கலாம், சரி பண்ணலாம்” என்றாயே, அன்றைக்கு நான் நம்பவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் லேத் ஓட்டியவன் நான். ஓவர்டைம் இல்லாமல் யாரும் ஒரு போல்ட்டைக் கடைந்து கொடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் யாரோ முகம் தெரியாத ஒரு மகராசன், அல்லது மகராசி, இந்தச் சின்னப் பெட்டிக்குக்கூட உட்கார்ந்து தமிழ் எழுதியிருக்கிறாரே என்று நினைத்து அந்தப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டேன். ‘நிறுவு’ என்பதை அமுக்கினேன். ஒரு நீலக் கோடு நாற்பது நிமிஷம் ஊர்ந்தது. புது மெஷின் வந்தால் பூஜை போடாமல் ஓட்டியதில்லை என்பதால், கோடு முடிவதற்குள் மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். உன் அக்கா பார்த்துவிட்டு, “தேங்கா ஒடைக்கறதா இருந்தா வெளிய போய் ஒடைங்க, அது மேல ஒடைச்சிடாதீங்க” என்றாள்.

அதற்கப்புறம் மூன்று நாள் நான் சோறு தின்றேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று மூலை முடுக்கெல்லாம் தேடினேன். முதலில் கண்டுபிடித்தது அம்புக்குறி. வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்றே தெரியாதல்லவா, இப்போது மவுஸைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினால் போதும், அம்பு வீங்கி உள்ளங்கை அளவுக்கு ஆகிவிடுகிறது. உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இன்னாங்க இது, மொறம் சைஸுக்கு கீது!” என்று அவளே பயந்துவிட்டாள். அடுத்தது, ஒரே லேப்டாப்புக்குள் நான்கு டெஸ்க்டாப். தொடுபலகையில் மூன்று விரலை வைத்துத் தள்ளினால் ஒன்று போய் இன்னொன்று வருகிறது. இந்த ஹவுசிங் போர்டு ஊட்டில் ஒரு ரூமுக்கு மேல் பார்க்காதவனுக்கு நான்கு ரூம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஒன்றுக்குச் ‘சங்கம்’, ஒன்றுக்குப் ‘பேப்பர்’, ஒன்றுக்குப் ‘பாட்டு’ என்று பெயர் வைத்தேன். நான்காவதற்கு ஒன்றும் தோன்றாமல் ‘சும்மா’ என்று வைத்தேன். எல்லாவற்றையும்விட அதிசயம், செல்போனையும் லேப்டாப்பையும் வயர் இல்லாமல் ஜோடி சேர்த்துவிடலாம். போனுக்கு வரும் மெசேஜ் லேப்டாப்பில் தெரிகிறது, போனில் இருக்கும் படம் ஒரு தட்டில் இங்கே வந்து விழுகிறது. என் போனைச் சேர்த்தேன். கை நிற்கவில்லை, உன் அக்கா போனையும் சேர்த்தேன்.

இதையெல்லாம் இவ்வளவு அவசரமாக நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பிளாக்குக்குக் கீழே இருக்கும் பொது அறையில் உன் அக்கா மூன்று வருஷமாகத் தையல் வகுப்பு நடத்துகிறாள் இல்லையா, ஐந்து மெஷின், பன்னிரண்டு பெண்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் புதுத் தலைவர் ராகவன், அந்த அறையை ஒரு பார்சல் கம்பெனிக்குக் கோடவுனாக விடலாம், சங்கத்துக்கு வருமானம் வரும் என்று கிளம்பிவிட்டார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் ஒரு அட்டவணையாகப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், கையைத் தூக்கி ஓட்டு. சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் வகுப்பின் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். சனிக்கிழமை சாயங்காலம் உன் அக்கா கீழே போய் ஐந்து மெஷினுக்கும் எண்ணெய் போட்டுவிட்டு வந்தாள். “தோத்துட்டா இதெல்லாம் எங்க கொண்டு போய் வெப்பேன், கட்டிலுக்கு அடியிலயா?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து பேச்சை லேப்டாப்பில் எழுதினேன்.

ஞாயிறு காலை பத்து மணி. மைக் செட் துலுக்கானம் எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரும் கொண்டுவந்து சுவரில் அடித்தார். பாதிக் குடித்தனம் வந்துவிட்டது. அறை நம் வீட்டுக்கு நேர் கீழே என்பதால் வைஃபை நன்றாகவே எடுத்தது. ராகவன் பத்து நிமிஷம் புள்ளிவிவரத்தோடு பேசிவிட்டு உட்கார்ந்தார், கைதட்டினார்கள். அடுத்தது நான். முதல் படமாகப் பொது அறைத் திறப்புவிழாப் போட்டோவைப் போட்டிருந்தேன், அதில் ராகவனும் இருக்கிறார். ‘வணக்கம்’ என்று சொல்லி மவுஸைப் பிடித்தேன். கை நடுங்கியது மச்சான். நடுங்கியதா, அம்பு வீங்கியது. கண்ணாடி போடாதவர்களுக்கே தெரியும் அளவுக்கு, ஒரு ஆள் உயரத்துக்குச் சுவரில் வீங்கி, நேராகப் போய் ராகவன் தொப்பையில் குத்திக்கொண்டு நின்றது. நான் அதை நகர்த்த ஆட்டினேன், ஆட்ட ஆட்ட இன்னும் பெரிசானது. கூட்டம் சிரித்தது. ராகவன் எழுந்து, “சார், கருத்து வேறுபாடுன்னா பேசித் தீத்துக்கலாம், குத்தாதீங்க” என்றார்.

சமாளித்துக்கொண்டு, ‘பெரியோர்களே’ என்று ஆரம்பிக்கிறேன், டொய்ங் என்று ஒரு சத்தம். சுவரின் மூலையில் ஒரு பெட்டி. நான் போனையும் லேப்டாப்பையும் ஜோடி சேர்த்திருந்தேனா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அக்கா என் மானத்தைக் காப்பாற்ற ரகசியமாக என் போனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அது தலையளவு எழுத்தில் சுவரில் விழுந்தது: ‘சட்டை பட்டன் மாத்தி போட்டுகினு கீறீங்க. யாரும் பாக்கறதுக்குள்ள சரி பண்ணுங்க.’ அறுபது பேரும் முதலில் சுவரைப் பார்த்தார்கள், அப்புறம் என் சட்டையைப் பார்த்தார்கள். தையல் டீச்சர் புருஷன் நான்! திரும்பி நின்று பட்டனைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேர்த்த விரலை வைத்து அடுத்த படத்துக்குத் தள்ளினேன். ஒரு விரலுக்குப் பதில் மூன்று விரலாகப் பட்டுவிட்டது போலிருக்கிறது, படங்கள் மொத்தமும் காணாமல் போய் ‘சும்மா’ டெஸ்க்டாப் வந்து நின்றது. அதில் என்ன இருந்தது தெரியுமா? நான் சனிக்கிழமை எழுதி மனப்பாடம் செய்த பேச்சு. வெறும் பேச்சு இல்லை, எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்போடு:

‘மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே. (அவர் முகத்தைப் பார்க்காதே, பேச்சு மறந்துவிடும்.) இந்த அறை நம் அனைவருக்கும் சொந்தம். (இங்கே நிறுத்து. தண்ணீர் குடி.) (இந்த இடத்தில் ராகவன் குறுக்கே பேசுவார். கோபப்படாதே. சிரி.)’

அறுபது பேரும் சத்தமில்லாமல் வாசிக்கிறார்கள். எதைத் தொட்டு எப்படித் திரும்பிப் போவது என்பது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. ராகவனும் கடைசி வரிவரை வாசித்துவிட்டு எழுந்து, “ஒரு நிமிஷம் சார், நான் எப்ப குறுக்க பேசினேன்?” என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பின்னாலிருந்து துலுக்கானம், “சிரி அண்ணாத்தே, சிரி! அதான் எழுதிக் கீதே!” என்று கத்தினார். சிரிப்பில் கூரை பறந்தது. நானும் சிரித்தேன். ராகவனும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆனால் சிரித்து முடித்ததும் கணக்குப் பார்த்தேன். படமும் இல்லை, பேச்சும் அம்பலம். தோற்றோம் என்று நினைத்து உன் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மறுபடி டொய்ங். சுவரில், ‘தாட்சாயிணியின் போனிலிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. திறக்கவா?’ என்று இருந்தது. “தொற சார், தொற சார்!” என்று கூட்டமே கத்தியது. திறந்தேன்.

போன பொங்கலுக்கு எடுத்த படம். தையல் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேரும் அவரவர் தைத்த ரவிக்கையோடு வரிசையாக நிற்கிறார்கள். பதிமூன்றாவது ஆளாக நடுவில், தாங்க முடியாத சிரிப்போடு மயில்கழுத்து நிற ரவிக்கையில் நிற்பது யார்? ராகவனின் மனைவி சுரேகா! கூட்டம் மொத்தமும் சுரேகா பக்கம் திரும்பியது. வாசலோரம் நின்றிருந்த வேம்புலியம்மாள், நம் பிளாக்கில் வீட்டு வேலை செய்கிறவள், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “சாரு, எனக்கு கூட்டத்துல பேசி பழக்கம் இல்ல. அந்த மயில்கழுத்து ஜாக்கிட்டு நான் தெச்சது. மொதல் ஜாக்கிட்டு. தலைவரம்மாதான் நம்பி துணி குட்த்தாங்க. இப்போ சாய்ங்காலத்துல வெளி ஆர்டரு எடுக்கறேன். ஆறு ஊட்ட நாலு ஊடா கொறச்சிகினேன். இந்த ரூம்பு பூட்டிட்டா மறுபடியும் ஆறு ஊடுதான். அவ்ளோதான் சாரு” என்றாள். திரும்பிப் போய் அதே வாசலோரம் நின்றுகொண்டாள்.

முன் வரிசையில் சுரேகா புருஷனிடம் திரும்பி, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “அந்த ஜாக்கெட் போட்டப்போ நல்லா இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. ராகவன் எழுந்தார். குறுக்கே பேசவில்லை. “தீர்மானத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார். ஓட்டே நடக்கவில்லை மச்சான்! உன் அக்கா எழுந்து போய் வேம்புலியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அம்புக்குறியை எவ்வளவு பெரிசாக்க முடியுமோ அவ்வளவு பெரிசாக்கி ஆட்டிக்கொண்டே இருந்தேன், அதைவிட நல்ல கொடி அந்த நேரத்தில் என் கையில் இல்லை.

நேற்று ராகவன் தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “எனக்கும் அந்த அப்டேட்டப் போட்டுக் குடுங்க சார், காசு எவ்ளோ?” என்றார். “காசு கிடையாது, உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து செய்வது” என்று, நீ சொன்னதை நான் கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். நீயும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இந்தப் புதுப் பதிப்பை ஏற்றிக்கொள். மனிதர்கள் இவ்வளவு வசதிகளைச் செய்து கொடுத்திருக்கும்போது பழசையே கட்டிக்கொண்டு அழுவது நியாயமில்லை. அருள்மொழிக்கு எங்கள் அன்பு. சரணுக்கு முத்தம், பல் எத்தனை என்று எழுது. எல்லோரும் நோய் நொடி இல்லாமல், நெட் கட் ஆகாமல், நூறு வயசு இருக்க வாழ்த்தும்,

உன் மாமா,
எத்திராஜ்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் கொஞ்சம் நிறுத்தி வை. இந்தக் கடிதத்தை அனுப்ப மேசையில் உட்கார்ந்திருக்கும்போது ராகவனின் மகள் நிஷா வந்தாள், கல்லூரியில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அங்கிள், அப்டேட் இன்னும் போடவே இல்ல. எறங்கி மட்டும் கீது. மறுதொடக்கம் பண்ணவான்னு கேட்டதுக்கு நீங்க ‘பிறகு’ன்னு அமுக்கிட்டீங்க. நீங்க பாத்ததெல்லாம் ரெண்டு வருஷமா உள்ளயே இருந்த பழசு!” என்கிறாள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று உனக்குப் புரிகிறதா? இவ்வளவும் பழசு மச்சான்! புதுசு ஒன்றுகூட இன்னும் வரவில்லை! எல்லாமே இனிமேல்தான்! விரல் ‘மறுதொடக்கம்’ பொத்தான் மேலேயே இருக்கிறது. “மொதல்ல லெட்டர அனுப்புங்க” என்கிறாள் உன் அக்கா. அனுப்புகிறேன், அப்புறம் அமுக்குகிறேன்.