உஷ் அண்ணனும் டிக்கிப் பெரியவரும்

திருச்சியில் பேய்க்குப் பயப்படாத ஆள் ஒருவர்தான் இருந்தார். அவரும் ஹாரனுக்குப் பயந்தார்.

பேர் தெரியாது. உஷ் அண்ணன் என்போம். பாலக்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் கார் டேப், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்த்தார். என்ன கோளாறு என்று கேட்கவே மாட்டார். உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். அப்புறம் ஸ்பீக்கரில் காதை வைப்பார். பக்கத்தில் யாராவது மூச்சு விட்டாலும் முறைப்பார்.

விக்கல் எடுத்த ஒருவரை, தெருக்கோடிக்குப் போய் விக்கிவிட்டு வரச் சொன்னார். கைக்கடிகாரம் கத்துகிறது என்று ஒரு வாத்தியாரைக் கழற்றச் சொன்னார். ஒரு தடவை கல்யாண வேன் ரிப்பேருக்கு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ரோட்டோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த வழியாகப் போனவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எப்பங்க எடுக்குறாங்க?"

நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு முதலாளியிடம் வாடகை அம்பாசிடர் ஓட்டினேன். எண்பதுகளின் நடுவில். முதலாளி மகன் துபாயிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கர் கொண்டுவந்து டிக்கியில் பூட்டினான். ஊஃபர் என்றான். பாட்டில் உள்ள மேளச் சத்தம் மட்டும் அதில் வரும். முதுகில் குத்துகிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் பெரியாஸ்பத்திரியில் லால்குடிப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். வேன் கிடைக்கவில்லை. என் பின் சீட்டில் படுக்கவைத்தார்கள். டோல்கேட் தாண்டியதும் அவர் மகன் சொன்னான்.

"அண்ணே, அப்பாவுக்குப் பாட்டுன்னா உசுரு. போடுங்க."

போட்டேன். லால்குடி வரை டும் டும் என்று போனோம். பெரியவர் தலை தாளத்துக்கு ஆடியது. ரோடு சரியில்லை.

எனக்கு முன்னால் செய்தி ஸ்ரீரங்கம் வந்துவிட்டது. முதலாளியம்மா வாசலிலேயே நிறுத்தினார்.

"அப்படியே நில்லு. வண்டியை உள்ள கொண்டாராத."

கல்லுப்பும் மஞ்சளும் கரைத்து வாளி வாளியாக ஊற்றினார். சீட்டுக்கு, காலடிக்கு, டிக்கிக்குள்ளே. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன்.

மறுநாள் ஊஃபர் ஊமையாகிவிட்டது. முன்னால் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் மட்டும் கொசு மாதிரி பாடின.

அதற்கடுத்த நாள் வண்டி ஷெட்டில் நின்றது. சாவி என் பையில் இருந்தது. டேப் ஓடவில்லை. டிக்கிக்குள்ளே டும் என்றது.

நின்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். டும். உள்ளேயிருந்து ஒருவர் தட்டுகிற மாதிரி. வண்டிக்கு அடியில் படுக்கிற நாய் எழுந்து போனது. திரும்பி வரவில்லை.

"பெரியவர் டிக்கியிலயே உக்காந்துட்டாரு," என்றார் முதலாளியம்மா. "பாட்டுக் கேக்குறாரு."

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மணப்பாறைக்காரர் ஒருத்தர் வண்டியை வெலைக்குக் கேக்குறாரு. வெள்ளிக்கிழமை வர்றாரு. அவருகிட்ட டிரைவர் இருக்கான். அதுக்குள்ள சத்தம் நின்னா பாப்போம். இல்லாட்டி ஒனக்கு வேற எடம் பாத்துக்க."

எனக்கு வேறு இடம் கிடையாது. வீட்டில் கைக்குழந்தை. உஷ் அண்ணனிடம் போனேன். அவர் டிக்கியில் கை வைத்தார். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. முகம் சுருங்கிவிட்டது.

"இங்க ஆகாது. ஓயாமாரிக்கு விடு."

ஓயாமாரி காவிரிக்கரைச் சுடுகாடு.

"அங்க எதுக்குண்ணே?"

"அங்கதான் எவனும் பேச மாட்டான்."

உச்சி வெயில். ஆற்றுப் பக்கம் ஒரு சிதை எரிந்து முடிந்திருந்தது. காற்று இல்லை. புகை போக வழி தெரியாமல் நின்றது. அவர் பின் சீட்டில் ஏறினார். நான் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார். வேர்வை ஊற்றியது. வெகு நேரம் ஒன்றும் இல்லை.

டும்.

என் காது அடைத்தது. பின்னால் அவர் குரல் மட்டும் கேட்டது.

"கொஞ்சம் நகந்து உக்காருங்க."

என்னை அவர் வாங்க போங்க என்று சொன்னதே இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கி டிக்கியைத் திறந்தார். ஊஃபர் ஒயரைக் கழற்றி டார்ச் லைட் பேட்டரிக் கட்டையில் தொட்டார். டப் என்றது.

"இதுக்கு உசுரு இருக்கு. சாகல."

அப்புறம் கீழே இருந்த விரிப்பைத் தூக்கினார். எர்த் ஒயரை வண்டி பாடியோடு முடுக்கின போல்ட் உப்புப் பூத்து, பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"எவன்டா இங்க ஊறுகா போட்டது?"

சொன்னேன். சிரிக்கவில்லை. போல்ட்டைச் சுரண்டினார்.

"பேயை வெரட்ட ஊத்துன தண்ணிதான் பேய். எர்த் விட்டு விட்டுப் புடிக்குது. புடிக்கிறப்பல்லாம் டும்முங்குது. சாவி இல்லாட்டியும் நேரா பேட்டரில இருந்து கரண்ட் வருதுல்ல."

முடுக்கினார். பாட்டுப் போட்டோம். சுடுகாட்டில் மேளம் கேட்டு, சாம்பல் அள்ள வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவரையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போய், முதலாளியம்மாவிடம் போல்ட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா காதில் ஏறவில்லை.

"போல்ட்டு தட்டுமாடா? மணப்பாறைக்காரரை வரச் சொல்லியாச்சு."

உஷ் அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"அம்மா, பெரியவர் இருந்தாருதான். ஓயாமாரியில எறங்கிட்டாரு."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திரும்பி வந்துருவாரோ?"

"வர மாட்டாரும்மா. பாட்டு போதும்னுட்டாரு."

மணப்பாறைக்காரருக்கு அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சாவி திரும்பக் கிடைத்தது.

அவரைக் கொட்டகையில் இறக்கிவிடும்போது கேட்டேன்.

"போல்ட்டுதானேண்ணே? ஏன் பொய் சொன்னீங்க?"

"எது பொய்?"

"அப்ப நகந்து உக்காருங்கன்னு யாருகிட்ட சொன்னீங்க?"

உதட்டில் விரலை வைத்தார்.

அதற்குப் பிறகு ரிப்பேர் இல்லாவிட்டாலும் சவாரி முடிந்து அவரிடம் போவேன். அவரும் கேட்க மாட்டார். கதவைத் திறந்து உட்காருவார். கண்ணாடியை ஏற்றுவேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்போம். என் ஆயுசில் நான் மனசு விட்டுப் பேசியது அவரிடம்தான்.